கைமாறும் காசு – 9: பணம் வந்து சேர்ந்த நேரம்

கென்யாவின் தீக்கா நகரில் கடன் தவணை கட்டுவதற்காகக் கொடுத்த போனை, மக்கள் ஊருக்குப் பணம் அனுப்பும் கருவியாக மாற்றிக்கொண்டதையும், அதிலிருந்து 2007 மார்ச்சில் எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவை பிறந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் திரும்ப எழுத இங்கே இடமில்லை. இந்த வாரம் ஏஜென்ட்டுகளைப் பற்றி, அதாவது போனில் எண்ணாகக் கிடக்கும் பணத்தை ரொக்கமாக்கித் தரும் கடைக்காரர்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அங்கே போகத்தான் போகிறோம். ஆனால் அதற்கு முன் நைஜர் நாட்டில் நடந்த ஒரு சோதனையைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து நாம் துரத்திக்கொண்டு வருவது ஒரே கேள்வியைத்தான்: பணம் முதலில் யார் கையில் விழுகிறது? பெண்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்த பதில்களில் மிகச் சுத்தமான பதில் நைஜரில்தான் இருக்கிறது.

நைஜர் சகாராவின் தெற்கு விளிம்பில் இருக்கும் நாடு. கடற்கரை கிடையாது. மழை பொய்த்தால் அடுத்த அறுவடை வரை பட்டினி. 2009இல் மழை பொய்த்தது, 2010இல் பசி வந்தது. தஹுவா பகுதியில் 96 கிராமங்களில் இருந்த ஏழைக் குடும்பங்களுக்கு ஐந்து மாதம் உதவித்தொகை கொடுக்க கன்சர்ன் வேர்ல்டுவைட் என்ற தொண்டு நிறுவனம் முன்வந்தது. மாதம் சுமார் 45 டாலர். அதுவும் வீட்டில் இருக்கும் பெண்ணுக்குத்தான். வங்கிக் கிளையே இல்லாத ஊர்களில் இது லேசுப்பட்ட வேலை அல்ல. ரொக்கத்தை எண்ணி உறைகளில் போட வேண்டும். பாதுகாப்பு வண்டியில் ஏற்ற வேண்டும். குறித்த நாளில் குறித்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பெண்கள் அங்கே நடந்து போய், காத்திருந்து வாங்கி வர வேண்டும். இதற்குப் பதிலாக, அப்போது ஜெய்ன் நிறுவனம் நைஜரில் கொண்டுவந்திருந்த 'ஜாப்' என்ற மொபைல் பணச் சேவை வழியாக அனுப்பினால் என்ன என்று பொருளாதார அறிஞர் ஜென்னி ஏக்கரும் அவருடைய சகாக்களும் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல், அதைச் சோதித்துப் பார்க்கும் விதத்தையும் வகுத்தார்கள்.

சாதாரணமாக ஒருவர் இதை எப்படிச் சோதிப்பார்? பாதிக் கிராமங்களுக்கு உறையில் பணம், மீதிப் பாதிக்கு போனில் பணம், கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டு முடிவு. ஆனால் அப்படிச் செய்தால் ஒரு சிக்கல் வரும். போனில் பணம் வாங்கும் பெண்ணுக்கு ஒரு போனும் கொடுத்தாக வேண்டும். அவள் வாழ்க்கையில் மாற்றம் வந்தால் அது போனால் வந்ததா, பணம் போனில் வந்ததால் வந்ததா? போன் இருந்தாலே சந்தையில் தானியம் என்ன விலை என்று விசாரிக்கலாம், வெளியூரில் இருக்கும் மகனிடம் பேசிப் பணம் கேட்கலாம். எனவே இவர்கள் கிராமங்களை மூன்று பிரிவாகக் குலுக்கிப் போட்டார்கள். முதல் பிரிவுக்கு உறையில் ரொக்கம். இரண்டாம் பிரிவுக்கு போன் கொடுத்து, போனிலேயே பணம். மூன்றாம் பிரிவுக்கு அதே போனைக் கொடுத்துவிட்டு, பணத்தை மட்டும் பழையபடி உறையில் கொடுத்தார்கள். அந்த மூன்றாம் பிரிவை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு கருவியையும் அது சுமந்து வரும் காசையும் இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டிய சோதனைகள் குறைவு. தொழில்நுட்பத்தின் பெருமை பேசும் அறிக்கைகளில் இப்படி ஒரு மூன்றாம் பிரிவு இருந்திருந்தால் பாதி அறிக்கைகள் அச்சுக்கே போயிருக்காது.

முடிவு என்ன? போன் மட்டும் கிடைத்து, பணம் உறையில் வாங்கிய வீடுகளுக்கும், போனே இல்லாமல் உறையில் வாங்கிய வீடுகளுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. போனிலேயே பணம் வாங்கிய வீடுகளில்தான் மாற்றம் தெரிந்தது. அந்த வீடுகளில் சாப்பாட்டின் வகை மற்ற வீடுகளைவிட 9 முதல் 16 சதவீதம் கூடியிருந்தது. அந்த வீட்டுக் குழந்தைகள் ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு வேளைச் சாப்பாடு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பெண்கள் வழக்கமாகப் பயிரிடும் பயிர்களும் அந்த வீடுகளில் கூடின. அவற்றில் நம் ஊர் வெண்டையும் ஒன்று. தொகை மூன்று பிரிவுக்கும் ஒன்றுதான், மாதங்களும் ஒன்றுதான். ஒரு காசுகூட அதிகம் தரப்படவில்லை. பணம் வந்த வழி மாறியது; தட்டில் விழுந்த சோறு மாறியது.

காரணங்களை ஆராய்ச்சியாளர்கள் இரண்டாகச் சொல்கிறார்கள். ஒன்று, நடையும் காத்திருப்பும் குறைந்ததால் பெண்களுக்கு மிச்சமான நேரம். இன்னொன்று, வீட்டுக்குள் பெண்ணின் சொல்லுக்குக் கூடிய மதிப்பு. இந்த இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தங்கள் மனைவிக்கு உதவித்தொகை வருகிறது என்பது கணவர்களுக்குத் தெரியும். எவ்வளவு என்பதும் ஊருக்கே தெரிந்த விஷயம். அப்படியிருக்க எதைத்தான் மறைக்க முடிந்தது? வந்து சேர்ந்த நேரத்தை. உறையில் பணம் தரும் நாள் ஊர் முழுக்கத் தெரிந்த நாள். பெண்கள் கூட்டமாகப் போய்க் கூட்டமாகத் திரும்புகிறார்கள். வீட்டு வாசலில் காலை வைக்கும்போதே அந்தப் பணத்துக்குக் கைகள் நீளலாம். போனில் வந்த பணம் ஒரு சின்ன ஒலியோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை இன்று எடுப்பதா, இரண்டு நாள் கழித்துச் சந்தை நாளில் எடுப்பதா, மொத்தமாக எடுப்பதா, கொஞ்சமாக எடுப்பதா என்பதை அவள் முடிவு செய்யலாம். பணம் வருவதற்கும் அதை அடுத்தவர் கேட்பதற்கும் நடுவே கிடைத்த அந்தச் சில நாள் அவகாசம்தான் குழந்தையின் தட்டுக்குப் போயிருக்கிறது என்பது என் வாசிப்பு. மொபைல் பணத்தால் பெண்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் வேகமோ குறைந்த கட்டணமோ அல்ல, இந்த அவகாசம்தான் என்பதே இந்த வாரத்து வாதம்.

பணம் கைமாறும் இடங்களில் எல்லாம் இப்படிக் கைகள் நீளும் என்பதற்கு, பெண்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் உதாரணம் இருக்கிறது. 2009இல் ஆப்கானிஸ்தானின் வர்தக் மாகாணத்தில் சில டஜன் போலீஸ்காரர்களுக்கு எம்-பைசா என்ற சேவை வழியாக போனில் சம்பளம் போட்டுப் பார்த்தார்கள். பலர் தங்களுக்குச் சம்பள உயர்வு வந்துவிட்டதாக நினைத்தார்கள். ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. உயர்வு எதுவும் இல்லை. அவர்கள் முழுச் சம்பளத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்கள். அதுவரை ரொக்கமாக மேலிருந்து கீழே இறங்கி வந்த சம்பளம் ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் உதிர்ந்துகொண்டு வந்திருக்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் ஆணுக்கே இந்தக் கதி என்றால், வீட்டுக்குள் உதிர்வதைக் கேட்கவே வேண்டாம். வித்தியாசம் என்னவென்றால், போலீஸ்காரரிடம் எடுத்துக்கொண்டதை ஊழல் என்கிறோம். மனைவியிடம் எடுத்துக்கொள்வதற்கு அப்படி ஒரு பெயர் வைப்பதில்லை.

நைஜரில் நடந்தது பஞ்ச காலத்து உதவி. அதை வைத்து மொத்த உலகத்துக்கும் தீர்ப்பு எழுதலாமா என்று கேட்பீர்கள். நியாயம். ஆகவே உகாண்டாவுக்குப் போவோம். அங்கே பிராக் நிறுவனம் சிறுதொழில் செய்யும் பெண்களுக்குக் கடன் கொடுக்கிறது. எமா ரைலி என்ற பொருளாதார அறிஞர் ஏறக்குறைய 3,000 பெண்களை எடுத்துக்கொண்டு, இங்கேயும் மூன்று பிரிவு செய்தார். ஒரு பிரிவுக்குக் கடன் ரொக்கமாக. இன்னொரு பிரிவுக்குத் தொழிலுக்கென்று தனி மொபைல் கணக்கு திறந்து கொடுத்துவிட்டு, கடனை மட்டும் ரொக்கமாக. மூன்றாம் பிரிவுக்கு அந்தக் கணக்கிலேயே கடன். எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது கணக்கிலேயே கடன் வாங்கிய பெண்களின் தொழில் லாபம், ரொக்கமாக வாங்கியவர்களைவிட 15 சதவீதமும், தொழிலில் இருந்த முதல் 11 சதவீதமும் கூடுதலாக இருந்தன. கணக்கு மட்டும் கிடைத்து, கையில் ரொக்கம் வாங்கிய பெண்களுக்கு அப்படிப் பலன் இல்லை. அதைவிட முக்கியம், யாருக்கு அதிகம் பலன் கிடைத்தது என்பது. வீட்டில் இருப்பவர்களுக்குப் பணத்தைப் பங்கு கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி யாருக்கெல்லாம் முன்பே இருந்ததோ, அவர்களுக்குத்தான். கடனாகக் கொடுத்த பணம் ஒன்றுதான், வட்டி ஒன்றுதான். கையில் கற்றையாகத் தெரியாமல் எண்ணாகக் கிடந்ததால், அது மாவு மூட்டையாகவும் துணிக்கட்டாகவும் மாறும் வரை பிழைத்திருந்தது.

இரண்டு சோதனையும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன: போனைக் கொடுப்பது போதாது, கணக்கைத் திறப்பதும் போதாது, பணம் நேராக அங்கே போய் விழ வேண்டும். இதை இந்தியாவும் சொல்லியிருக்கிறது. வட மத்தியப் பிரதேசத்தில் எரிக்கா ஃபீல்ட், ரோஹிணி பாண்டே ஆகியோரின் குழு நூறு நாள் வேலைத் திட்டத்தை வைத்து ஆராய்ந்தது. அங்கே பெண் வேலை பார்த்த கூலி வழக்கமாக வீட்டுத் தலைவரான ஆணின் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. பெண்களுக்கு வங்கிக் கணக்கு மட்டும் திறந்து கொடுத்ததைவிட, கூலியை அந்தக் கணக்கிலேயே போட்டு, கணக்கைக் கையாளவும் சொல்லிக்கொடுத்த ஊர்களில் பெண்கள் அதிகம் வேலைக்குப் போனார்கள். அரசு வேலைக்கு மட்டுமல்ல, வெளி வேலைக்கும். இதோடு உலக வங்கியின் 2021 ஃபின்டெக்ஸ் கணக்கெடுப்பை வைத்துப் பாருங்கள். இந்தியாவில் ஆண்களிலும் பெண்களிலும் 78 சதவீதம் பேருக்குக் கணக்கு இருந்தது, இடைவெளியே இல்லை. ஆனால் கணக்கு வைத்திருந்தவர்களில் 35 சதவீதம் பேர் ஓராண்டாக அதைத் தொடவே இல்லை. பெண்களிடையே அந்தப் பங்கு இன்னும் அதிகம். 2014இல் தொடங்கிய ஜன் தன் திட்டம் கணக்குகளைத் திறந்தது. கூலியும் உதவித்தொகையும் அவளுடைய பெயருக்கே வந்து விழுந்த இடங்களில்தான் கணக்கு உயிர் பெற்றது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையின் ஆயிரம் ரூபாய் குடும்பத் தலைவியின் கணக்குக்கே போகிறது என்ற ஏற்பாட்டையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். வளரும் நாடுகளில் ஆண் பெண் கணக்கு இடைவெளி பல ஆண்டுகள் 9 புள்ளியில் நின்று, 2021இல் 6 ஆகக் குறைந்ததை மாநாடுகளில் கொண்டாடினார்கள். கொண்டாடட்டும். திறந்த கணக்குகளை எண்ணுவது எளிது. அவற்றில் என்ன விழுகிறது என்று எண்ணுவதுதான் வேலை.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு வீட்டிலிருந்தே வரும்: மறைத்து வைக்கப் பெண்களுக்கு போன் எதற்கு? அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் சிறுவாடு சேர்க்கத் தெரியாதவர்களா அவர்கள்? தெரிந்தவர்கள்தான். ஆனால் சிறுவாடு வீட்டுக்குள் இருக்கிறது. கேட்கும் கையும் வீட்டுக்குள் இருக்கிறது. அதனால்தான் உலகம் முழுக்கப் பெண்கள் பணத்தை வீட்டைவிட்டு வெளியேற்ற வழி தேடியிருக்கிறார்கள். நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் சீட்டுக் குழுக்களை ஆராய்ந்த சிவான் ஆண்டர்சனும் ழான்-மரி பாலாந்தும், சீட்டுப் போடுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்று கண்டார்கள். கணவன் கைக்கு எட்டாமல் சேமிப்பைக் காப்பதுதான் அதன் முக்கிய நோக்கம் என்றார்கள். மேற்கு கென்யாவின் புமாலா சந்தையில் பாஸ்கலின் துபாவும் ஜொனாதன் ராபின்சனும் வியாபாரிகளுக்கு வங்கிக் கணக்கு திறந்து கொடுத்தார்கள். அந்தக் கணக்குக்கு வட்டி கிடையாது. பணம் எடுக்கக் கட்டணம் வேறு. போட்ட பணம் குறையும் கணக்கு என்றே சொல்லலாம். இருந்தும் சந்தைப் பெண்கள் அதில் போட்டார்கள். அவர்களுடைய தொழில் முதலீடு கணிசமாகக் கூடியது. சைக்கிள் டாக்சி ஓட்டிய ஆண்களிடம் அப்படி எந்த மாற்றமும் தெரியவில்லை. பணத்தை எட்ட வைக்கப் பெண்கள் கட்டணம் கட்டவும் தயார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வீட்டுக்குள் ஒளித்த ரொக்கத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் செல்லாமல் போனது. நாடு முழுக்க எத்தனையோ பெண்கள் தங்கள் சிறுவாட்டைத் தாங்களே வெளியே எடுத்துக் காட்ட வேண்டி வந்தது.

இரண்டாம் மறுப்பு கொஞ்சம் கனமானது: குடும்பத்தில் ஒருவருக்கொருவர் மறைப்பதை ஊக்குவிக்கும் கருவி நல்ல கருவிதானா? இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, மறைப்பது பெண்ணின் குணம் அல்ல. பணம் யார் பிடியில் இருக்கிறதோ, அவருக்கு எதிரே இருப்பவர் மறைக்கிறார். பிலிப்பைன்ஸில் பல வீடுகளில் பணப்பெட்டிச் சாவி மனைவியிடம் இருக்கும். அங்கே நவா அஷ்ரஃப் நடத்திய சோதனையில், மனைவிக்குத் தெரியாது என்ற நிலையில் அத்தகைய கணவர்கள் பணத்தைத் தங்கள் சொந்தக் கணக்கில் போட்டுக்கொண்டார்கள். இரண்டு, கேட்கும் கை எப்போதும் கணவனுடையதாக இருக்க வேண்டியதில்லை. மேற்கு கென்யாவில் பமீலா ஜகியேலாவும் ஓவன் ஓசியரும் நடத்திய சோதனையில், தங்கள் கையில் எவ்வளவு கிடைத்தது என்பது ஊர் முன் தெரிந்துவிடும் என்றால், லாபம் குறைந்தாலும் பரவாயில்லை என்று தொகையை மறைக்கும் வழியைப் பெண்கள் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டத்தில் சொந்தக்காரர்கள் இருந்தபோது அது இன்னும் கூடியது. உறவு என்பது ஆபத்தில் தாங்கும் வலை. அதே உறவு, ஒருத்தி கொஞ்சம் தலைதூக்கும்போது வரியாகவும் இறங்குகிறது. வெளிப்படையாகப் பேசி முடிவெடுக்கும் குடும்பமே சிறந்தது, சந்தேகமில்லை. ஆனால் பேரம் பேசும் இருவரில் ஒருவருக்குக் கையில் எதுவும் இல்லாதபோது நடப்பதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. அவகாசம் கிடைத்த நைஜர் பெண்கள் அந்தப் பணத்தோடு ஓடிப்போகவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள்.

மூன்றாம் மறுப்பு புள்ளிவிவரத்தைப் பற்றியது. மொபைல் பணம் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் ஓர் எண்ணைச் சொல்வார்கள். டாவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது: எம்-பெசா கென்யாவில் 1,94,000 குடும்பங்களை, அதாவது மொத்தக் குடும்பங்களில் 2 சதவீதத்தை, வறுமையிலிருந்து மேலே தூக்கியது, 1,85,000 பெண்கள் விவசாயத்திலிருந்து வியாபாரத்துக்கு மாற வழி செய்தது. இதை மில்ஃபோர்ட் பேட்மன் முதலிய அறிஞர்கள் 2019இல் கடுமையாக மறுத்தார்கள். பெட்டிக்கடை வைத்தவர்களைக் கணக்கில் எடுத்தவர்கள், மூடிய கடைகளை எடுத்தார்களா? போன் வழியாகவே ஏறிய கடன் சுமை என்னவாயிற்று? சேவைக் கட்டணமாகக் குவிந்த லாபம் கிராமத்தில் தங்கியதா, பங்குதாரர்களிடம் போனதா? இவை நல்ல கேள்விகள். கென்யாவில் சூரியும் ஜாக்கும் செய்தது குலுக்கல் சோதனை அல்ல. ஏஜென்ட்டுகள் பெருகிய பகுதிகளையும் பெருகாத பகுதிகளையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்ட ஆய்வு. அந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த வாரத்து வாதத்தை அந்த எண்ணின் மேல் நான் நிறுத்தவில்லை. ஒரு நாடு முழுக்க வறுமை குறைந்ததா என்பது பெரிய கேள்வி. பணம் வரும் வழி மாறினால் வீட்டுக்குள் பெண்ணின் நிலை மாறுமா என்பது சின்னக் கேள்வி. சின்னக் கேள்விக்கு நைஜரும் உகாண்டாவும் குலுக்கல் முறையில் சரியான பதில் தந்திருக்கின்றன. கடன் சுமையைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுதுவேன். கென்யாவில் 2012 நவம்பரில் எம்-ஷ்வாரி என்ற போன் வழிக் கடன் சேவை வந்த பிறகு நடந்தவை அந்த வாரத்துக்கு.

நான்காம் மறுப்புதான் உண்மையிலேயே கடிக்கிறது: போனே அவளுடையதாக இல்லாவிட்டால்? இந்த இடத்தில் வாதம் தன் எல்லையை ஒப்புக்கொள்ள வேண்டும். நைஜரில் ஆளுக்கொரு போன் கொடுத்தார்கள்; அதனால்தான் அவகாசம் கிடைத்தது. சிம் கணவன் பெயரில், போன் மகன் கையில், பின் நம்பர் வீட்டில் எல்லாருக்கும் தெரியும் என்றால், பணம் வந்த எஸ்.எம்.எஸ். உறையைவிட மோசமான தம்பட்டம். எவ்வளவு வந்தது, எப்போது வந்தது, மிச்சம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் அது சொல்லிவிடும். போன் மட்டுமல்ல, கணக்கும் பல பெண்களுக்கு எட்டவில்லை: பாகிஸ்தானில் 2021இல் ஆண்களில் 28 சதவீதம் பேருக்கும் பெண்களில் 13 சதவீதம் பேருக்கும்தான் கணக்கு இருந்தது. போனுக்கு முன்னால் இன்னொரு வாசலும் இருக்கிறது. சிம் வாங்க அடையாள அட்டை வேண்டும். குறைந்த வருமான நாடுகளில் 45 சதவீதத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு அது இல்லை என்று 2018இல் உலக வங்கி கணக்கிட்டது. ஆண்களில் அது 30 சதவீதம். அந்த வாசல் திறந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் குட்டி நாடான டோகோ சாட்சி. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, அந்த அரசு நொவிஸ்ஸி என்ற திட்டத்தைச் சில நாட்களில் கட்டி எழுப்பியது. வாக்காளர் அட்டையும் சாதாரண பட்டன் போனும் இருந்தால் போதும், ஒரு சுருக்க எண்ணை அழுத்திப் பதிவு செய்யலாம், இணையம் வேண்டாம். தகுதி உள்ளவர் என்றால் பணம் அந்தப் போனுக்கே வந்துவிடும். தலைநகர் லோமேயில் மாதத்துக்கு ஆண்களுக்கு 10,500 பிராங்க், பெண்களுக்கு 12,250 பிராங்க். வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்வது பெண்தான் என்பதைக் காரணமாக வைத்து, அரசே பெண்ணுக்குக் கூட்டிப் போட்டது. வாக்காளர் பட்டியலைத் திருத்துபவர்களுக்கும் மகளிர் நலத்துறைக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்கும் அதிகாரிகள் டோகோவைப் படிக்கலாம்.

இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால் சில கொள்கைகள் தானாகவே வரிசையில் நிற்கும். கூலி, உதவித்தொகை, பால் பணம், கடன் என எதுவானாலும் அவளுடைய எண்ணுக்கே போட வேண்டும். குடும்பத்துக்கு ஒரு கணக்கு என்ற பழக்கத்தை விட வேண்டும். மிச்சத்தொகையைச் சொல்லாத எஸ்.எம்.எஸ். வேண்டும். கடன் வாங்கப்போகும் பெண்ணிடம் 'கணக்கில் போடட்டுமா, கையில் தரட்டுமா?' என்று தனியாகக் கேட்கும் அலுவலர் வேண்டும். அரசாங்கங்கள் அவசரத்தில் போடும் வரிகளையும் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். உகாண்டா 2018 ஜூலையில் மொபைல் பணத்தின் மேல் 1 சதவீத வரி போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த ஆண்டே அதை 0.5 சதவீதமாக்கி, பணம் எடுக்கும்போது மட்டும் என்று சுருக்கியது. கானா 2022 மேயில் 1.5 சதவீத வரி போட்டு, 2025இல் அதை அடியோடு எடுத்தது. வருமானம் எவ்வளவு வந்தது என்று நிதி அமைச்சகங்கள் கணக்குப் பார்த்தன. கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் எடுத்து அவகாசம் வாங்கிக்கொள்ளும் பெண், ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் வரி கட்ட வேண்டும் என்றால் மொத்தமாக எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவாள் என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். வரி எடுப்பது அந்த 0.5 சதவீதத்தை மட்டும் அல்ல.

ஏஜென்ட்டுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. ஆனால் இத்தனை தூரம் வந்ததால் அவரைப் பற்றிய கேள்வி முன்பைவிடக் கூர்மையாகியிருக்கிறது. பணம் போனுக்கு வரும்வரை ரகசியம். அதை ரொக்கமாக்க அவள் யாரிடம் போகிறாள்? ஊரில் இருக்கும் ஒரே ஏஜென்ட் மைத்துனனின் நண்பன் என்றால், எழுதப் படிக்கத் தெரியாத அவள் பின் நம்பரையும் அவனிடமே சொல்ல வேண்டியிருந்தால், நைஜரில் கிடைத்த அவகாசம் கடை வாசலிலேயே முடிந்துபோகும். காங்கோ ஜனநாயகக் குடியரசில் லட்சக்கணக்கான பரிவர்த்தனைகளை ஆராய்ந்து, பெண் வாடிக்கையாளர்கள் பெண் ஏஜென்ட்டுகளைத் தேடிப் போகிறார்கள் என்றும், தொகை பெரிதாகப் பெரிதாக அந்தத் தேடல் கூடுகிறது என்றும் கண்டுபிடித்திருக்கிறார்கள். அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குவோம். அதுவரை இந்த வாரத்துத் தீர்ப்பு இதுதான்: எத்தனை பெண்களுக்குக் கணக்கு திறந்தோம் என்று சொல்லும் எந்த அமைச்சரிடமும், எந்த வங்கியிடமும், எந்தத் தொண்டு நிறுவனத்திடமும் ஒரே கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். அந்தக் கணக்கில் நேராக வந்து விழும் பணம் எது, அது விழுந்ததை அவளுக்கு முன்னால் யார் தெரிந்துகொள்கிறார்கள்? பதில் இல்லை என்றால் அது வெறும் எண்ணிக்கை.

(தொடரும்)